இரண்டாவது தட்டு

விழுவதுதான் பொம்மையின் வேலை.

ஜூடோ பயிற்சிக் கூடங்களில் ஆளுயரத் துணிப் பொம்மை ஒன்று மூலையில் கிடக்கும். உள்ளே கந்தல் அடைத்திருப்பார்கள். தூக்கிப் போட்டுப் பழகுவதற்கு. அண்ணன் நடத்திய கூடத்தில் அது கிழிந்தபோது புதிது வாங்கவில்லை. கடைக்குட்டித் தங்கச்சி இருந்தாள். எடை குறைவு. விழுந்தால் அழுவதில்லை. பெயர் அப்போதே ஒட்டிக்கொண்டது. பாஸ்போர்ட்டைப் பார்த்தால்தான் அவளுக்கு வேறொரு பெயர் இருப்பது தெரியும்.

உலகச் சாம்பியன்ஷிப் நடந்த அரங்கின் கீழ்த்தளத்தில் வீராங்கனைகள் உடம்பைச் சூடேற்றிக்கொள்ள ஒரு கூடம் விட்டிருந்தார்கள். ஜன்னல் கிடையாது. சுவரில் வியர்வை வழிந்தது. வலி மருந்தின் காரம் கண்ணைக் கரித்தது. ஒவ்வொரு நாட்டுக்காரியும் கூடவே ஒரு ஜோடியைக் கூட்டிவந்திருந்தாள். தூக்கிப்போட ஒருத்தி, விழ ஒருத்தி. மேலே கூட்டம் காலால் உதைக்கும்போதெல்லாம் விளக்குகள் ஆடின.

அக்கா இழுத்தாள். இடுப்பைக் கொடுத்தாள். தூக்கி அறைந்தாள். பொம்மை எழுந்து நின்றாள்.

“தூங்குறியா?” என்றாள் அக்கா. “கொஞ்சமாவது முறுக்கிக் காட்டுடி. மூட்டை தூக்குற மாதிரி இருக்கு.”

“முறுக்கினா மூக்கைப் பேத்துடுவ.”

“பேத்தா ஒட்டிக்கலாம். வா.”

மறுபடியும் தூக்கி அறைந்தாள். இந்த முறை வேண்டுமென்றே தன் எடை முழுவதையும் பொம்மையின் விலாவின்மேல் இறக்கினாள். பொம்மைக்கு ஒரு நொடி மூச்சு வரவில்லை. வந்ததும் எழுந்தாள்.

அக்காவிடம் ஏற்கெனவே ஒரு வெள்ளி, ஒரு வெண்கலம். தங்கம் இல்லை. அண்ணன் இந்த முறை விமானம் ஏறுவதற்கு முன்பு பொம்மையிடம் சொல்லியிருந்தான். “அவ தங்கம் வாங்கினா ஓய்வு எடுத்துக்குவா. அப்புறம் நீ இறங்கு. உன் எடைப் பிரிவுல உன்னை நானே தயார் பண்றேன். வாங்கலன்னா இன்னும் ஒரு வருஷம் அவளுக்கு ஜோடி வேணும்.” போன வருஷமும் இதையே சொன்னான். அதற்கு முந்தைய வருஷமும். பொம்மையின் வலது முழங்கை இப்போது முழுசாக நீளுவதில்லை. இன்னும் ஒரு வருஷம் போனால் மடங்கவும் செய்யாது என்று பிசியோ மேடம் சொல்லிவிட்டாள்.

ஆகவே அந்த அரங்கத்தில் அக்காவின் தங்கத்துக்கு அக்காவைவிட அதிகமாக ஆசைப்பட்டது பொம்மைதான்.

அண்ணன் வந்தான். கழுத்தில் பயிற்சியாளர் அட்டை. வாயில் சூயிங்கம்.

“பூட்டு ரெண்டு போட்டுட்டு மேல வா. உன் ஆட்டத்தைக் கூப்பிடப் போறாங்க.”

அக்கா பொம்மையை மல்லாத்தினாள். அவள் கையைத் தன் தொடைகளுக்கு நடுவே வாங்கி, மார்போடு அணைத்து, சாய்ந்தாள். இதுதான் கைப்பூட்டு. இடுப்பை ஒரு விரலளவு தூக்கினால் முழங்கை பின்பக்கமாக வளையும். அக்கா இதில் பேர் வாங்கியவள். வெளிநாட்டுப் பத்திரிகைக்காரர்கள்கூட அவளைப் பூட்டு என்றுதான் எழுதினார்கள்.

பொம்மை அக்காவின் தொடையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

அக்கா விடவில்லை. இன்னும் கொஞ்சம் தூக்கினாள். பொம்மைக்குக் கண்ணில் பூச்சி பறந்தது. இரண்டாவது தட்டுத் தட்டினாள். அக்கா விட்டாள்.

இரண்டாவது தட்டுக்குத்தான் விட வேண்டும் என்பது அண்ணன் வைத்த சட்டம். வலி தாங்காவிட்டால் தட்ட வேண்டும், தட்டினால் தோற்றது என்று அர்த்தம். அது எல்லா ஊரிலும் உள்ளது. சட்டப் புத்தகத்தில் இரண்டு தட்டு என்று இருக்கிறது. ஆனால் எந்த ஜூடோக்காரனும் இரண்டாவதுக்குக் காத்திருப்பதில்லை. கை மேலே பட்ட உடனே விட்டுவிடுவார்கள். தன் கையும் ஒருநாள் அப்படி மாட்டும் என்று எல்லாருக்கும் தெரியும்.

அண்ணனும் ஒரு காலத்தில் அப்படித்தான் விட்டான். இதே சாம்பியன்ஷிப்பின் அரையிறுதியில் எதிராளி ஒரு தட்டுத் தட்டினான். அண்ணன் விட்டான். நடுவர் பார்க்கவில்லை. தட்டியவன் எழுந்தான், அண்ணனின் காலரைப் பிடித்தான், தலைகுப்புற நட்டான். கழுத்தில் தகடு வைத்துத் தைத்தார்கள். அதோடு அண்ணனின் ஆட்டம் முடிந்தது. திரும்பி வந்து கூடம் திறந்த முதல் நாளே தங்கச்சிகள் இருவரையும் நிற்கவைத்துச் சொன்னான். “முதல் தட்டு நம்ம காதுல விழாது. ரெண்டாவது தட்டினாதான் விடணும்.”

அக்கா அதை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தாள். பொம்மை கடைப்பிடித்ததில்லை. அக்கா தட்டினால் முதல் தட்டுக்கே விட்டுவிடுவாள். அக்கா அல்லவா.

காலை ஆட்டங்கள் சீக்கிரம் முடிந்தன. முதலில் வந்தவளை அக்கா தோளுக்குமேல் எறிந்தாள். இரண்டாவது வந்தவளின் கழுத்தை அவளுடைய காலராலேயே நெரித்தாள். அவள் வீம்புக்காரி. தட்டாமலேயே மயங்கிப் போனாள். நடுவர் அவள் கன்னத்தில் அறைந்து எழுப்பினார். எழுந்தவள் தான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக் கையைத் தூக்கினாள். கூட்டம் சிரித்தது. மூன்றாவது வந்தவளின் உதடு கிழிந்து, தரையில் விரித்திருந்த மேட் மெத்தையில் ரத்தம் சிந்தியது. ஒருவர் துணியும் மருந்துப் புட்டியும் எடுத்துவந்து துடைத்துவிட்டுப் போனார். தரையைத் துடைப்பதற்கென்றே அன்றைக்கு அவரை வேலைக்கு வைத்திருந்தார்கள்.

அரையிறுதியில் நெட்டை வந்தாள்.

நெட்டையின் கால்கள் அக்காவின் மார்பு வரை இருந்தன. அவளுடைய ஜோடியும் நெட்டைதான். தடுப்புக்கு வெளியே பொம்மைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்துக்கொண்டார்கள். இரண்டு பேரின் காதுகளும் ஒரே மாதிரி நசுங்கியிருந்தன.

ஆட்டம் அசிங்கமாக இருந்தது. நெட்டை தூர நின்றே காலால் வெட்டினாள். அக்காவின் கணுக்கால் சிவந்து வீங்கியது. அக்கா பிடி கிடைக்காமல் நெட்டையின் முகத்தில் முன்கையை வைத்துத் தேய்த்தாள். மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. நடுவர் இரண்டு பேரையும் கண்டித்தார். ஒருமுறை நெட்டை அக்காவைப் பாதித் தூக்கிப் பக்கவாட்டில் போட்டாள். அரைப் புள்ளி. அண்ணன் நாற்காலியிலிருந்து கத்தினான்.

“கீழ இழு! கீழ கொண்டு வா அவளை!”

அக்கா தானாகவே விழுந்தாள். விழும்போது நெட்டையையும் சேர்த்துக் கொண்டுபோனாள். கண்மூடித் திறப்பதற்குள் நெட்டையின் இடதுகை அக்காவின் கால்களுக்கு நடுவே இருந்தது.

பொம்மை உட்கார்ந்திருந்த பக்கம் நடுவருக்கு முதுகுப்புறம். கேமராவும் அந்தப் பக்கம் இல்லை. நெட்டையின் வலதுகை அவளுடைய சொந்த உடம்புக்கு அடியில் மாட்டியிருந்தது. அவள் அதைப் பிய்த்து எடுத்தாள். அக்காவின் தொடையில் தட்டினாள்.

ஒரு தட்டு.

விடு, என்று பொம்மையின் வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை.

அக்கா இடுப்பைத் தூக்கினாள். ஈரத் துணியை ஒரே உதறாக உதறினால் வரும் சத்தம் வந்தது. நெட்டை அலறினாள். அவளுடைய கை போகக் கூடாத பக்கம் போயிருந்தது. கூட்டம் அமைதியாயிற்று. நடுவர் கையை உயர்த்தி இப்பான் என்றார். முழுப் புள்ளி. ஆட்டம் முடிந்தது.

நெட்டையின் பயிற்சியாளர் நடுவர் குழுவின் மேசைக்கு ஓடினார். தன் தொடையைத் திரும்பத் திரும்பத் தட்டிக் காட்டினார். மேசைக்காரர்கள் வீடியோவைப் பார்த்தார்கள். அதில் அக்காவின் முதுகும் நெட்டையின் பாதங்களும்தான் தெரிந்தன. முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார்கள்.

தூக்குக் கட்டிலில் நெட்டையைக் கொண்டுபோனபோது அவளுடைய ஜோடி கூடவே ஓடினாள். ஓடியவள் நின்றாள். திரும்பி வந்து பொம்மையின் முன்னால் நின்றாள். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி கிடையாது. அவள் தன் தொடையில் ஒரு தட்டுத் தட்டினாள். பொம்மையின் கண்ணைக் காட்டினாள். பார்த்தாயா?

இன்னும் ஒரே ஒரு ஆட்டம். ஒன்றே ஒன்று.

பொம்மை இல்லை என்று தலையை ஆட்டினாள்.

அவள் பொம்மையின் கால்மாட்டில் துப்பிவிட்டுப் போனாள்.

கீழே கூடத்தில் அண்ணன் தரையில் நிற்கவில்லை. அணியோடு வந்திருந்த மேனேஜர் சார் எல்லாருக்கும் கைகொடுத்துக்கொண்டே வந்தார். வந்தவர் ஒரு தூணுக்கும் கை நீட்டினார்.

“சார், அது தூண்,” என்றான் அண்ணன்.

“இன்னைக்குத் தூணுக்கும் கொடுக்கலாம்பா. இன்னும் ஒண்ணுதான். தங்கம் மட்டும் வரட்டும்.”

அவர் போன பிறகு அக்கா சுவரில் சாய்ந்து தண்ணீர் குடித்தாள். பொம்மை அவளுடைய கணுக்காலில் ஐஸ் வைத்துக் கட்டினாள்.

“அவ தட்டினா,” என்றாள் பொம்மை.

“தெரியும். ஒண்ணுதான் தட்டினா.” அக்கா சிரித்தாள். தண்ணீர் மூக்கில் ஏறி இருமினாள். “ரெண்டாவது தட்ட நேரம் பத்தல பாவம்.”

“கை போயிடுச்சுக்கா அவளுக்கு.”

“கட்டு போட்டா ஒட்டிக்கும். உனக்கு ஒட்டல? நீயே இன்னும் விழுந்துட்டுதானே இருக்க.”

அண்ணனும் சிரித்தான். “விடு, அவளுக்கு இளகின மனசு. அதான் பொம்மையாவே இருக்கா.” கடிகாரத்தைப் பார்த்தான். “இறுதியில வர்றவ கட்டை. அவளும் பூட்டுக்காரிதான். தப்பிக்கிறதைப் பழகிக்கோ. பொம்மை, நீ பூட்டு போடு. அவ உருவட்டும். நான் போய் ஆட்ட வரிசையைப் பாத்துட்டு வந்துடறேன்.”

கட்டை என்பது நடப்புச் சாம்பியன். குட்டை, அகலம், கழுத்தே இல்லாதவள் மாதிரி இருப்பாள். கூடத்தின் அடுத்த மூலையில் தன் ஜோடியைப் பஞ்சு மூட்டையைப் போல மெதுவாக இறக்கிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முறையும் தலைக்குக் கீழே கை கொடுத்தாள்.

அக்கா மல்லாந்து படுத்தாள். வலதுகையைத் தானே தூக்கிக் கொடுத்தாள். கடைக்காரரிடம் பையை நீட்டுகிற மாதிரி.

“வேகமாப் போடு. கட்டை வேகமாப் போடுவா.”

பொம்மை கால்களைப் பின்னினாள். கையை மார்போடு அணைத்தாள். அக்கா உருவப் பார்த்தாள். பொம்மையின் கெண்டைக்கால் அக்காவின் தாடைமேல் இருந்தது, அதை அழுத்தினாள். அக்கா தோளைத் திருப்பினாள். திரும்பவில்லை.

“ம்,” என்றாள் அக்கா. கொஞ்சம் ஆச்சரியத்தோடு. பிறகு பொம்மையின் தொடையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

பொம்மை விடவில்லை.

அவள் எதையும் யோசித்துச் செய்யவில்லை. இந்தக் கைதான் தங்கம் வாங்கப்போகிற கை, இந்தத் தங்கம்தான் தன் விடுதலை என்பது அவளுக்கு நன்றாகத் தெரிந்தே இருந்தது. தெரிந்தும் விரல்கள் அவிழவில்லை. அக்காவின் நாடி தன் மார்பில் துடிப்பதை உணர்ந்தாள். இத்தனை வருஷமும் அக்காவுக்குக் கிடைத்துவந்தது இதுதானா என்று இருந்தது. நன்றாக இருந்தது.

“ஏய்,” என்றாள் அக்கா. “தட்டிட்டேன்.”

“ஒண்ணுதான் தட்டின.”

அக்காவின் கண்கள் பொம்மையின் காலுக்கு மேலே தெரிந்தன. அவை முதலில் கோபப்பட்டன. பொம்மை இடுப்பை ஒரு விரலளவு தூக்கினாள். அப்புறம் கோபம் இல்லை.

அக்கா இரண்டாவது தட்டை யாருக்கும் தட்டியதில்லை. பல்லைக் கடித்தாள். பொம்மை காத்திருந்தாள். மேலே கூட்டம் உதைத்தது. விளக்குகள் ஆடின. முழங்கைக்குள் ஏதோ ஒன்று நகர்ந்தது, இறுகிய மூடி திறக்கிறபோது முதலில் ஒரு இளக்கம் வருமே, அந்த மாதிரி. அதே நொடியில் அக்காவின் இடதுகை பொம்மையின் தொடையை அறைந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று அறைந்துகொண்டே இருந்தது.

பொம்மை விட்டாள்.

அக்கா புரண்டு குப்புறப் படுத்தாள். கையை வயிற்றுக்கடியில் வைத்துக்கொண்டாள். சத்தம் போடவில்லை. எழுந்தபோது முகம் சுண்ணாம்பு மாதிரி இருந்தது. பொம்மையின் வாயில் இடதுகையால் ஒரு குத்து விட்டாள். உதடு பல்லில் குத்திக் கிழிந்தது. பொம்மை முகத்தைத் திருப்பவில்லை.

அண்ணன் வந்தான். “என்ன, ரெண்டு பேரும் சண்டையா? நல்லது. சூடு இருக்கணும். வா, வா.”

அக்கா வலதுகையைப் பெல்ட்டுக்குள் செருகிக்கொண்டு நடந்தாள்.

இறுதி ஆட்டத்துக்கு விளக்குகளை அணைத்து நடு மேட்டின்மேல் மட்டும் வெளிச்சம் போட்டார்கள். பொம்மை தடுப்புக்கு வெளியே நின்றாள். உதட்டு ரத்தத்தை விழுங்கிக்கொண்டே நின்றாள். தான் செய்தது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது. தோற்றால் இன்னும் ஒரு வருஷம். தன் கையாலேயே தனக்கு ஒரு வருஷம் போட்டுக்கொண்டிருந்தாள்.

கட்டைக்கு அக்காவின் கை விஷயம் முதல் பிடியிலேயே தெரிந்துவிட்டது. ஜூடோக்காரிகளுக்கு அது நாய்க்கு மோப்பம் மாதிரி. வலதுகை வரவில்லை என்றதும் அந்தப் பக்கமே சுற்றினாள். இழுத்தாள், தள்ளினாள், இடித்தாள். அக்கா ஒற்றைக் கையால் அவளுடைய கழுத்தில் தொங்கினாள். கட்டை அவளை உலுக்கி உலுக்கி இறக்கினாள். ஒருமுறை அக்காவின் தலை மேட்டில் மோதிய சத்தம் கடைசி வரிசைவரை கேட்டிருக்கும். நெற்றியில் காயம் பட்டு வெட்டு விழுந்தது. மருத்துவர் வந்து துணி சுற்றினார். ஆட்டம் தொடர்ந்தது.

“கையை எடு! வலதுகையை எடு!” என்று அண்ணன் கத்தினான். “என்ன வந்துது அந்தக் கைக்கு?”

கட்டை அக்காவைப் பின்பக்கமாகச் சாய்த்தாள். கூடவே விழுந்தாள். வலதுகையைப் பறித்துக் கால்களுக்கு நடுவே வாங்கினாள். இன்னும் தூக்கக்கூட இல்லை. சாய்ந்தாள், அவ்வளவுதான்.

அக்கா தட்டினாள். ஒரு தட்டு. சின்னதாக, கட்டையின் முழங்காலில்.

தட்டிய கை அங்கிருந்து எழும்புவதற்குள் கட்டை விட்டுவிட்டாள்.

பொம்மை அந்த வேகத்தைப் பார்த்தாள். சூடான பாத்திரத்தைத் தொட்டவள் கையை எடுக்கிற வேகம். விட்டவள் எழுந்தாள். முகத்தில் சிரிப்புகூட வந்துவிட்டது. உலகச் சாம்பியன், இரண்டாவது முறையாக. குனிந்து, கீழே கிடந்த அக்காவைத் தூக்கிவிடக் கையை நீட்டினாள்.

நடுவர் கையை உயர்த்தவில்லை.

அவர் பார்க்கவில்லையோ, ஒன்று போதாது என்று நினைத்தாரோ, யாருக்குத் தெரியும். நிறுத்து என்றும் சொல்லவில்லை. அக்கா நடுவரைப் பார்த்தாள். அண்ணனைப் பார்த்தாள்.

அண்ணன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்திருந்தான். அவன் கழுத்து நரம்பு தெறித்தது.

“போடு!” என்று கத்தினான். “எழுந்து போடுடி அவளை!”

அக்கா நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். எழுந்தவள் விடவில்லை. அந்தக் கையின் சட்டையைச் சுருட்டி இடதுகையில் இறுக்கினாள், திரும்பினாள், முதுகைக் கொடுத்தாள், வளைந்தாள். கட்டை விழத் தயாராக இல்லை. காற்றில் அவளுடைய கால்கள் அசட்டுத்தனமாக விரிந்தன. கழுத்தும் தோளும் முதலில் இறங்கின. அவளுடைய அத்தனை எடையும் பிறகு வந்தது.

நடுவர் கையை நேராகத் தூக்கினார். இப்பான்.

அரங்கம் ஒரு நொடி ஒன்றும் புரியாமல் இருந்தது. அதன் பிறகு ஊளையிட்டது. தண்ணீர்ப் புட்டிகள் மேட்டில் வந்து விழுந்தன. கட்டையின் பயிற்சியாளர் மேசைமேல் கையால் அறைந்தார். மேசைக்காரர்கள் வீடியோவை ஓட்டினார்கள், நிறுத்தினார்கள், ஓட்டினார்கள். இந்தத் தடவை எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. ஒரு தட்டு. புத்தகத்தைத் திறந்தார்கள். புத்தகத்தில் இரண்டு.

தீர்ப்பு நின்றது.

கட்டை எழுந்து உட்கார்ந்திருந்தாள். ஒரு தோள் இறங்கிக் கிடந்தது. அவள் அழவில்லை. தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள், நீட்டிய கையை.

தங்கம் வந்துவிட்டது. இனி பொம்மை யாருக்கும் விழ வேண்டாம். தடுப்பைப் பிடித்துக்கொண்டு உதட்டு ரத்தத்தோடு வாந்தி எடுத்தாள். மேட்டைத் துடைக்கிறவர் தன் துணியோடு வந்தார். அவளைப் பார்த்துவிட்டுத் துடைத்தார்.

மேடையில் நால்வர் ஏறினார்கள். ஜூடோவில் வெண்கலம் இரண்டு. ஒன்றை ஒருத்தி சண்டையிட்டே வாங்கியிருந்தாள். அவளுடைய கண் வீங்கி மூடியிருந்தது. இன்னொன்று நெட்டையோடு மோத வேண்டியவளுக்கு, நெட்டை ஆஸ்பத்திரியில் இருந்ததால், சும்மா கிடைத்தது. அவள் பதக்கத்தை எங்கே வைப்பது என்று தெரியாதவளைப் போல நின்றாள். கட்டை வெள்ளிக்குத் தலை குனியவில்லை. போட வந்தவர் எட்டிப் போட்டார். அக்கா தங்கத்துக்குக் குனிந்தபோது கூட்டம் மறுபடியும் ஊளையிட்டது. தேசிய கீதம் ஒலித்து முடியும்வரை ஊளை நிற்கவில்லை. அக்கா இடதுகையை மார்பில் வைத்துக்கொண்டு நேராக நின்றாள்.

கீழே கூடம் காலியாகிக்கொண்டிருந்தது. ஒரு ஓரத்தில் வேலைக்காரர்கள் மேட்டுகளைப் பிரித்து அடுக்க ஆரம்பித்திருந்தார்கள். பிசியோ மேடம் அக்காவின் முழங்கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

“இது எப்ப ஆச்சு?”

“கட்டை போட்ட பூட்டுல,” என்றாள் அக்கா.

“அவ தூக்கவே இல்லையே.”

“எனக்குத்தானே வலிச்சுது? எனக்குத் தெரியாதா?”

அக்கா பொம்மையைப் பார்க்காமலேயே சொன்னாள். தன்னை ஒருத்தி இரண்டாவது தட்டுத் தட்டவைத்தாள் என்பது வெளியே தெரியக் கூடாது. தங்கத்தைவிட அது அவளுக்குப் பெரிது.

அண்ணன் அழுதுகொண்டிருந்தான். சிரித்துக்கொண்டும் இருந்தான். பதக்கத்தை எடுத்துத் தன் கழுத்தில் போட்டுப் பார்த்தான், தகடு வைத்துத் தைத்த கழுத்தில்.

“அன்னைக்கு எனக்கு நடந்தது இன்னைக்குக் கட்டைக்கு நடந்துது. சரியாப் போச்சு.”

“உனக்குச் செஞ்சது அவ இல்லையே அண்ணா,” என்றாள் பொம்மை.

“யாராயிருந்தா என்ன? போனது நம்ம வீட்டுக்குத் திரும்பி வந்துடுச்சு இல்ல?” கண்ணைத் துடைத்தான். அவள் தலையில் கை வைத்தான். “வாக்குன்னா வாக்கு. இனிமே நீதான் இறங்குற. ஜோடிக்குச் சித்தி பொண்ணைக் கூட்டிட்டு வந்துடறேன். சின்னப் பொண்ணு, எலும்பு நல்லா வளையும். விழுந்தா அழமாட்டா.”

“சித்தி பொண்ணு வேண்டாம்.”

“அப்புறம்? காத்தோடவா சண்டை போடுவ?”

“நீ வா.”

“நானா?” அண்ணன் சிரித்தான். “நான் உன்னைவிட ரெண்டு மடங்குடி. உன்னால என்னைத் தூக்கவே முடியாது.”

“தூக்க வேண்டாம். பூட்டு மட்டும் பழகிக்கிறேன். இப்பவே ஒண்ணு போட்டுக் காட்டறேன். இன்னும் மேட் இருக்கு.”

“ஆளைப் பாரு. இறங்கறதுக்கு முன்னாடியே இவ்வளவு வாய்.” அவனுக்கு உற்சாகமாக இருந்தது. எல்லாருக்கும் கைகொடுத்துக்கொண்டே வந்த மேனேஜர் சாரும் வாசலில் நின்று பார்த்தார். “பாருங்க சார், அடுத்த தங்கம். ரத்தம் சூடா இருக்கு.”

அண்ணன் பதக்கத்தைக் கழற்றி நாற்காலியில் வைத்தான். கடிகாரத்தை அவிழ்த்து அதன் பக்கத்தில் வைத்தான்.

“அண்ணா,” என்றாள் அக்கா. கட்டுப் போட்ட கையை மடியில் வைத்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். “அவகூடப் போகாத.”

“ஏன்? தங்கம் வந்ததும் பொறாமையா? போடி.”

“சொன்னாக் கேளு அண்ணா.”

அவன் கேட்கவில்லை. மல்லாந்து படுத்தான். கூரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வலதுகையைத் தூக்கிக் கொடுத்தான்.

பொம்மை பெல்ட்டை இறுக்கினாள். கால்களை அவன் மார்பின்மேல் பின்னினாள். கை கனமாக இருந்தது, வெதுவெதுப்பாக இருந்தது. அதை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

“எத்தனை தட்டு அண்ணா?”

“நம்ம கூடத்துல எத்தனை?”

“ரெண்டு,” என்றாள் பொம்மை. சாய்ந்தாள்.